தாதியர் உரிமத் தேர்வில் முன்னுரிமையும் பணி ஒப்படைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்காக எழுதப்பட்டவை?

தமிழ்நாட்டில் ஜிஎன்எம் (பொதுத் தாதிமை, மகப்பேறுத் தாதிமைப் பட்டயம்) அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டுச் சிங்கப்பூருக்கு வந்து, ஸ்டாஃப் நர்ஸாகவோ (பதிவு பெற்ற தாதி) என்ரோல்டு நர்ஸாகவோ (அதற்கு அடுத்த நிலைத் தாதி) பராமரிப்பு உதவியாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே உரிமத் தேர்வுக்குப் படிக்கும் தமிழ்த் தாதியருக்காக எழுதியிருக்கிறேன். ஈசூனில் என் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு சிறு குழு கூடிப் படிக்கிறது. அங்கே மறுபடி மறுபடி எழும் ஐயங்களே இங்கே கேள்விகளாகியிருக்கின்றன.

எங்கள் குழுவில் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் பயின்று, சிங்கப்பூர் தாதிமை வாரியத்தின் உரிமத் தேர்வை எழுத வேண்டியவர்கள் ஒரு வகை. அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ செல்லும் எண்ணத்துடன், அங்கே தாதி உரிமம் பெறுவதற்கான என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்கள் மற்றொரு வகை. கேள்வியின் வடிவமும் பணியாளர்களின் பதவிப் பெயர்களும் இரண்டிலும் வேறாக இருந்தாலும், யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதற்கான சிந்தனை ஒன்றுதான். கீழே வரும் எடுத்துக்காட்டுகளை என்கிளெக்ஸ் பாணியில் நானே அமைத்திருக்கிறேன்.

இந்தப் பகுதிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதிவு பெற்ற தாதியருக்கான என்கிளெக்ஸ் தேர்வில், 2023 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, பராமரிப்பு மேலாண்மை என்னும் பிரிவுக்கு 15 முதல் 21 விழுக்காடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எட்டுப் பிரிவுகளில் அதுவே பெரியது. முன்னுரிமையும் பணி ஒப்படைப்பும் அந்தப் பிரிவில் அடங்கும். அதோடு, மருந்து, மகப்பேறு, குழந்தை நலம் என எந்தப் பாடத்தில் வரும் கேள்வியும் "முதலில் என்ன செய்வீர்கள்" என்று முடியும்போது, அதுவும் முன்னுரிமைக் கேள்வியாகிவிடுகிறது.

வார்டில் பத்து ஆண்டு அனுபவம் இருந்தும் எனக்கு இந்தக் கேள்விகள்தான் தவறாகின்றன. ஏன்?

இதை எங்கள் குழுவில் கேட்காதவர் இல்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அந்த அனுபவம்தான் குறுக்கே நிற்கிறது. நோயாளியைப் பற்றி அந்த அனுபவம் கற்றுக்கொடுத்தது எல்லாம் பயன்படும். வார்டு எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி அது கற்றுக்கொடுத்ததுதான் தவறான விடைக்கு இழுத்துச் செல்கிறது.

காலை ஷிஃப்டில் பாஸ் ரிப்போர்ட் (முந்தைய ஷிஃப்ட் தாதி நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது) முடிந்ததும் நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். முதல் கியூபிக்கிளின் முதல் படுக்கையிலிருந்து வரிசையாகப் போகிறோம். மருந்து நேரத்துக்குள் முடிக்க வேண்டும், பத்து மணிக்கு டாக்டர் ரவுண்டு வரும், எக்ஸ்ரேக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது பஸ்ஸரை அழுத்தினால் அவரிடம் ஓடுகிறோம். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தேர்வு கேட்பது அந்த ஓட்டத்தை அல்ல. இந்த நால்வரில் யாருடைய நிலை மாறிக்கொண்டிருக்கிறது, நீங்கள் ஐந்து நிமிடம் தாமதித்தால் யாருக்குத் திரும்பப் பெற முடியாத இழப்பு நேரும் என்பதைத்தான் அது கேட்கிறது.

பணி ஒப்படைப்புக் கேள்வியும் அப்படியே. உங்கள் வார்டில் அந்த வேலையை யார் செய்கிறார் என்பது விடையாகாது. அந்த வேலைக்குள் ஒரு முடிவெடுத்தல் ஒளிந்திருக்கிறதா, இருந்தால் அந்த முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதுதான் விடை. கையால் செய்யும் வேலையைக் கொடுக்கலாம், அதற்குள் இருக்கும் தீர்ப்பைக் கொடுக்க முடியாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதித் தூரம் கடந்துவிட்டீர்கள்.

நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பது என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு கேள்வியை முழுதாக எடுத்துக்கொள்வோம். நீங்கள் ரிப்போர்ட் வாங்கியிருக்கிறீர்கள். முதல் நோயாளி 68 வயதுடைய, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர். 2 லிட்டர் ஆக்சிஜனில் செறிவு 90 விழுக்காடு இருக்கிறது, சளியுடன் இருமுகிறார். இரண்டாமவருக்கு நேற்றுத் தைராய்டு சுரப்பி அகற்றப்பட்டது. வாயைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரத்துப்போனதுபோல் கூச்சமாக இருப்பதாகச் சொல்கிறார். மூன்றாமவருக்கு முழங்கால் மாற்று அறுவை முடிந்து இரண்டாம் நாள். வலி பத்துக்கு ஏழு என்று சொல்லி மாத்திரை கேட்கிறார். நான்காமவர் நீரிழிவு நோயாளி. மதிய உணவுக்கு முன் ஹைப்போகவுண்ட் (விரல் நுனியில் குத்திப் பார்க்கும் இரத்தச் சர்க்கரை அளவு) 13 மில்லிமோல்.

குழுவில் இதைக் கொடுத்தால் பெரும்பாலோர் முதலாமவரைத் தேர்ந்தெடுப்பார்கள். 90 என்ற எண் அச்சுறுத்துகிறது, "மூச்சுதான் முதலில்" என்று படித்ததும் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த நோய் உள்ளவருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதையே வழக்கமாக இலக்காகக் கொள்கிறோம். இருமலும் சளியும் அவருடைய அன்றாடம். அவரிடம் புதிதாக எதுவும் நடக்கவில்லை. வலி உள்ளவரின் துன்பம் உண்மையானது, அவரைக் காக்க வைப்பது மனத்துக்கு ஒப்பாது. என்றாலும் முழங்கால் அறுவைக்குப் பின் இரண்டாம் நாள் அந்த வலி எதிர்பார்க்கக்கூடியது. சர்க்கரை 13 என்பது சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் அந்த நிமிடத்தில் அது உயிரைப் பறிக்காது.

இரண்டாமவரின் கூச்சம் கேட்பதற்கு மிகச் சிறியதாக இருக்கிறது. தேர்வை அமைப்பவர் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார். தைராய்டை அகற்றும்போது அதன் பின்புறம் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கால்சியம் இறங்கும். வாயைச் சுற்றிய கூச்சம் அதன் தொடக்க அறிகுறி. மேலும் இறங்கினால் தசைகள் இழுத்துக்கொள்ளும், குரல்வளை இறுகி மூச்சுவழி அடைபடலாம். அவர்தான் முதலில். மற்ற மூவரிடமும் நடப்பது அவரவர் நோயில் எதிர்பார்த்தது, இவரிடம் நடப்பது அறுவையின் சிக்கல்.

ஆகவே கேள்வியில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு விடை விருப்பத்துக்கும் பக்கத்தில் "இந்த நோயில் இது வழக்கமா?" என்று கேளுங்கள். வழக்கம் என்றால் அடுத்ததற்குப் போங்கள். வழக்கமில்லை என்றால் அங்கே நில்லுங்கள். வழக்கமில்லாதவை இரண்டு இருந்தால் மட்டுமே மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசையைக் கையில் எடுங்கள். இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு நோயிலும் எது வழக்கம் என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் படிப்பைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

மூச்சுவழி, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை எப்போதும் கைகொடுக்காதா?

வரிசை சரியானதுதான். அதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தும்போதுதான் தவறு நேர்கிறது. "மூச்சு" என்ற சொல் எந்த விருப்பத்தில் இருக்கிறதோ அதைக் குறிப்பது இந்த வரிசையைப் பயன்படுத்துவதாகாது. குளியலறைக்கு நடந்துவிட்டு வந்து மூச்சிரைக்கும் பழைய நுரையீரல் நோயாளியையும், வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர் திடீரென்று முதுகில் கடும் வலி என்று சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பின்னவருக்கு அந்த வீக்கம் வெடித்துக்கொண்டிருக்கலாம். முதலில் பார்க்க வேண்டியவர் அவரே.

உடல் தேவைகள் முதலில், மனத் தேவைகள் பிறகு என்னும் மாஸ்லோவின் தேவை வரிசையிலும் இதே வகைக் கண்ணி உண்டு. தேர்வுப் பயிற்சிகளில் வலியை மனநலத் தேவையோடு சேர்த்துப் பின்னுக்குத் தள்ளும்படி சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். பல கேள்விகளில் அது விடைக்குக் கொண்டுபோய்விடும். ஆனால் காலில் மாவுக்கட்டுப் போட்டவர், வலி மருந்து கொடுத்தும் வலி கூடுகிறது, விரல்களை அசைத்தால் தாங்கவில்லை என்று சொன்னால், தசைப்பைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று பொருள். சில மணி நேரத்தில் அந்தக் காலே போய்விடலாம். ஆகவே வலி என்ற சொல்லை மட்டும் பார்க்காமல், அந்த வலி எதிர்பார்த்ததா, மருந்துக்கு அடங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

"முதலில் என்ன செய்வீர்கள்" என்றால் மதிப்பிடுவதா, செயல்படுவதா?

மதிப்பிடுதலே முதல் படி என்று நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கேள்வியே மதிப்பீட்டை முடித்துக் கொடுத்திருந்தால், மறுபடி மதிப்பிடுவது தாமதமாகும்.

அறுவை முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு முன் வார்டுக்கு வந்தவரின் இரத்த அழுத்தம் 84/50 என்று உதவியாளர் வந்து சொல்கிறார் என்றால், கேள்வியில் அந்த எண்ணைத் தவிர வேறு எதுவும் இல்லை. நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். கட்டு நனைந்திருக்கிறதா, நாடி எப்படி இருக்கிறது, அவர் பேசுகிறாரா என்று உங்கள் கண்ணால் பார்ப்பதே முதல் விடை. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்கும்படி உதவியாளரிடம் சொல்வது தவறு.

இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் இடுப்பு வலியும் வந்துவிட்டன என்று கேள்வி சொன்னால் நிலைமை வேறு. இங்கே மதிப்பீடு முடிந்துவிட்டது. வெப்பநிலை எடுக்கப் போகக்கூடாது, மருத்துவரை அழைக்கவும் முதலில் போகக்கூடாது. இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவதுதான் முதல் செயல். நினைவோடு இருக்கும் நீரிழிவு நோயாளிக்கு வியர்த்துக் கொட்டுகிறது, ஹைப்போகவுண்ட் 2.9 என்றால், 15 கிராம் சர்க்கரையை வாய்வழி கொடுப்பதே முதல் செயல்.

மருத்துவரை அழைப்பது எப்போது சரியான விடை?

எங்கள் குழுவில் அதிக மதிப்பெண்களைத் தின்றது இந்த ஒரு விருப்பம்தான் என்று நினைக்கிறேன். நம்மில் பலர் படித்த இடங்களில், ஐயம் வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் நாமாக எதுவும் செய்யக்கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பணிவு உள்ளே ஊறியிருக்கிறது. அதனால் "மருத்துவருக்குத் தெரிவித்தல்" என்ற வரியைக் கண்டதும் கை தானாக அங்கே போகிறது.

தேர்வு எதிர்பார்க்கும் தாதி, தன் கையில் இருப்பதை முதலில் செய்துவிட்டுத்தான் அழைப்பார். தலைப்பக்கத்தை உயர்த்துவது, இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவது, ஆக்சிஜன் வைப்பது, நோயாளியை நேரில் பார்ப்பது போன்ற ஒன்று விருப்பங்களில் இருக்குமானால் பெரும்பாலும் அதுதான் முதலில் வரும். தாதி செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை, ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்பற்றது என்னும் இடத்தில் மருத்துவரை அழைப்பதே முதல் விடை. மேலே சொன்ன மாவுக்கட்டு நோயாளி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறிகுறிகள் தெளிவாகிவிட்டன, மறுபடி வலி மருந்து கொடுப்பது பயனற்றது, காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது இரத்த ஓட்டத்தை இன்னும் குறைக்கும். அங்கே உடனே அழையுங்கள்.

உதவியாளரிடம் எந்த வேலைகளைக் கொடுக்கலாம்?

மதிப்பிடுதல், கற்பித்தல், விளைவை எடைபோடுதல் ஆகிய மூன்றும் பதிவு பெற்ற தாதியிடமிருந்து கைமாறுவதில்லை. குளிப்பாட்டுதல், படுக்கை விரித்தல், எடை பார்த்தல், உட்கொண்ட நீரையும் வெளியேறிய நீரையும் அளந்து எழுதுதல், நிலை சீராக உள்ளவருக்குப் பாராமீட்டர் (இரத்த அழுத்தம், நாடி, வெப்பநிலை போன்ற அளவுகள்) எடுத்தல் போன்றவற்றை உதவியாளர் செய்யலாம்.

இவ்வளவுதான் என்றால் யாரும் தவறமாட்டார்கள். தேர்வு என்ன செய்கிறதென்றால், கொடுக்கக்கூடிய வேலையைக் கொடுக்கக்கூடாத நோயாளியோடு சேர்த்துவிடுகிறது. சாப்பாடு ஊட்டுவது உதவியாளரின் வேலை. ஆனால் இன்று காலை பக்கவாதத்தோடு சேர்க்கப்பட்டு, விழுங்கும் திறன் இன்னும் பார்க்கப்படாதவருக்கு முதல் முறையாக ஊட்டுவது அவர் வேலை அல்ல. நடக்க வைப்பது உதவியாளரின் வேலை. ஆனால் இடுப்பு எலும்பு முறிவு அறுவைக்குப் பின் முதன்முதலாக எழுந்து நிற்பவரை நடக்க வைப்பது அவர் வேலை அல்ல. பாராமீட்டர் எடுப்பதும் அவர் வேலைதான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இப்போதுதான் வந்திறங்கியவருடைய முதல் அளவுகளும், இரத்தம் ஏற்றத் தொடங்கிய முதல் பதினைந்து நிமிடத்து அளவுகளும் உங்களுடையவை. "முதல் முறை", "புதிதாகச் சேர்க்கப்பட்ட", "இப்போதுதான் திரும்பிய", "திடீரென்று" போன்ற சொற்கள் எந்த விருப்பத்தில் வந்தாலும் அந்த வேலையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியில் வரும் எல்பிஎன் (அமெரிக்காவில் உரிமம் பெற்ற செயல்முறைத் தாதி) என்பவர் இங்குள்ள என்ரோல்டு நர்ஸ்தானே?

ஏறக்குறைய அப்படி எண்ணிக்கொள்ளலாம், முழுவதும் அல்ல. என்ரோல்டு நர்ஸ் சிங்கப்பூர் தாதிமை வாரியத்தில் பதிந்து, பணிச் சான்றிதழ் பெற்று வேலை செய்பவர். பராமரிப்பு உதவியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர் அல்லர். அமெரிக்க எல்பிஎன்னும் உரிமம் பெற்றவர்தான். ஆனால் அவர் செய்யக்கூடியவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நம் ஊரிலும் என்ரோல்டு நர்ஸின் பணிகள் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுகின்றன. ஆகவே உங்கள் வார்டின் நடைமுறையைத் தேர்வுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

தேர்வுக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நிலை சீராகவும் விளைவு முன்கூட்டியே தெரிவதாகவும் இருக்கும் நோயாளியை எல்பிஎன்னிடம் கொடுக்கலாம். அவர் வாய்வழி மருந்து கொடுப்பார், சிறுநீர்க் குழாய் போடுவார், கிருமி நீக்கிய முறையில் கட்டு மாற்றுவார், குழாய்வழி உணவு கொடுப்பார், நீங்கள் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்ததை நோயாளிக்கு மறுபடி நினைவூட்டுவார். சேர்க்கையின்போது செய்யும் முதல் மதிப்பீடு, முதன்முதலாகக் கற்பித்தல், நரம்புவழி நேராக மருந்து செலுத்துதல், இரத்தம் ஏற்றத் தொடங்குதல் ஆகியவற்றை அவரிடம் கொடுக்கும் விருப்பத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பணி ஒப்படைப்பின் "ஐந்து சரிகள்" என்பதைப் படிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். அமெரிக்காவின் மாநிலத் தாதிமை வாரியங்களுடைய தேசியப் பேரவை வகுத்தவை அவை: சரியான பணி, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. முதல் மூன்றையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான்காவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதை நான் கற்றது தேர்வுப் புத்தகத்தில் அல்ல.

நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மதிய ஷிஃப்டில், குடல் அறுவை முடிந்த ஒருவருக்குப் பாராமீட்டர் எடுக்கும்படி உதவியாளரிடம் சொன்னேன். "பத்தாம் பெட்டுக்குப் பாராமீட்டர் எடுத்துடுங்க அக்கா" என்பதுதான் நான் சொன்ன முழு வாக்கியம். அவர் எடுத்தார். இரத்த அழுத்தத்தின் மேல் எண் 92 என்று தாளில் நேர்த்தியாக எழுதி, படுக்கையின் கால்மாட்டில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அந்தத் தாளை நான் பார்த்தேன். அதற்குள் நோயாளியின் கைகள் சில்லிட்டிருந்தன. உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அன்று இரவு அந்த அக்கா கண்கலங்கி, "எப்போ வந்து சொல்லணும்னு நீங்க சொல்லலையேம்மா" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. என்னிடம் கொடுக்கப்பட்டிருந்த பொறுப்பை நான் அவருடைய தோளில் போட்டுவிட்டு, அதைத் தூக்கத் தேவையானதைக் கொடுக்கவில்லை.

இப்போது நான் சொல்லும் வாக்கியம் நீளமானது: "பத்தாம் பெட்டுக்கு நாலு மணிக்கும் நாலரைக்கும் பிரஷரும் நாடியும் எடுங்க, மேல் எண் 100-க்குக் கீழே வந்தாலோ நாடி 110-ஐத் தாண்டினாலோ எழுதுவதற்கு முன்னாடி என்கிட்ட வந்து சொல்லுங்க." தேர்வில் நான்கு விருப்பங்களும் உதவியாளரிடம் பேசும் வாக்கியங்களாக வரும்போது, நேரம், அளவு, எப்போது வந்து சொல்வது என்ற மூன்றும் எந்த வாக்கியத்தில் இருக்கின்றனவோ அதுதான் விடை. "ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லுங்கள்" என்ற வாக்கியம் கனிவாக ஒலிக்கும். ஆனால் மாற்றம் எது என்று தீர்மானிக்கும் வேலையை அது உதவியாளரிடம் தள்ளிவிடுகிறது.

என்னைவிட இருபது வயது மூத்த உதவியாளரிடம் எப்படி வேலை சொல்வது? தேர்விலும் அந்தத் தயக்கம் வருகிறது.

வரத்தான் செய்யும். அக்கா என்றும் ஆன்ட்டி என்றும் அழைத்துப் பழகியவரிடம் "இதைச் செய்யுங்கள்" என்று சொல்வதற்கு நாக்கு கூசுகிறது. அதனால் வார்டில் நாமே ஓடி ஓடி எல்லாவற்றையும் செய்கிறோம். தேர்வில் "அந்த வேலையைத் தானே செய்தல்" என்ற விருப்பம் வரும்போது அது பண்பான விடையாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் அது தவறு. ஒருவரைக் குளிப்பாட்டிக்கொண்டு நீங்கள் திரைக்குள் நிற்கும் இருபது நிமிடத்தில், உங்கள் கண் பட வேண்டிய வேறொருவர் தனியாகக் கிடக்கிறார்.

உதவியாளர் தவறாக ஒன்றைச் செய்வதைப் பார்க்கும் கேள்விகளும் உண்டு. நோயாளிக்கு ஆபத்து என்றால் அங்கேயே தலையிட்டுச் சரிசெய்வது முதலில், பிறகு தனியே அழைத்து, ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டுச் சொல்லிக்கொடுப்பது. நேரே மேலாளரிடம் புகார் செய்வதும், பார்த்தும் பாராததுபோல் இருப்பதும் முதல் விடையாக வருவதில்லை. மரியாதை குறையாமல் திருத்த முடியும். நம் வீடுகளில் பெரியவர்களிடம் அப்படித்தானே பேசுகிறோம்?

வேறு வார்டிலிருந்து வந்த தாதிக்கு எந்த நோயாளியைக் கொடுப்பது?

நிலை சீரானவரை, அவர் ஏற்கெனவே அறிந்த பராமரிப்பு தேவைப்படுபவரைக் கொடுக்க வேண்டும். மகப்பேறு வார்டிலிருந்து பொது மருத்துவ வார்டுக்கு வந்தவருக்கு, தோல் அழற்சிக்கு நுண்ணுயிர்க்கொல்லி பெறுபவரைக் கொடுக்கலாம். நெஞ்சுவலியோடு இப்போது வந்தவரையும் கீமோதெரபி பெறுபவரையும் கொடுக்கக்கூடாது. புதிதாகப் பட்டம் பெற்றுச் சேர்ந்தவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

பேரிடர்க் கேள்விகளில் விடைகள் ஏன் தலைகீழாக இருக்கின்றன?

இங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளிகளைப் பி1 முதல் பி4 வரை பிரிப்பதை அறிவீர்கள். உயிருக்குப் போராடுபவர் பி1, அவருக்கே எல்லாக் கைகளும். பெருந்தொகையானோர் காயமடைந்து, கைகளும் கருவிகளும் போதாமல் போகும்போது கணக்கு மாறுகிறது. இருப்பதைக் கொண்டு அதிகம் பேரைக் காப்பாற்றுவதே நோக்கமாகிறது. கண்பாவைகள் விரிந்து அசைவற்றுப்போய், எப்போதாவது ஒருமுறை மூச்சிழுப்பவர், வழக்கமான நாளில் முதலாமவராக இருந்திருப்பார். பேரிடரில் அவர் கடைசிக்குப் போகிறார். உடனே கைகொடுத்தால் பிழைத்துவிடக்கூடியவர் முன்னுக்கு வருகிறார். இது மனத்துக்குக் கடினமானது, ஆனால் கேள்வியில் பேரிடர் என்ற சொல் இருந்தால் இப்படித்தான் சிந்திக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் கேள்வியைப் படிக்கும்போது எங்கே தடுக்குகிறது?

பெரும்பாலும் கேள்வியின் கடைசி வரியில். "ஃபர்தர் டீச்சிங்" (மேலும் கற்பித்தல்) தேவை என்பதைக் காட்டுவது எது என்று கேட்டால், நோயாளி சொன்னவற்றில் தவறான வாக்கியமே விடை. மூன்று சரியான வாக்கியங்களைப் படித்து மகிழ்ந்துவிட்டு அவற்றில் ஒன்றைக் குறித்தவர்கள் எங்கள் குழுவில் பலர். "ஃபர்ஸ்ட்" என்றால் நான்கும் சரியாக இருக்கலாம், வரிசைதான் கேட்கப்படுகிறது. "பெஸ்ட்" என்றால் ஒன்றை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றால் எது என்று எண்ணுங்கள். கடைசி வரியை முதலில் படித்து, அதை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். சில விநாடிகள்தான் ஆகும்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். ஊரில் சர்க்கரையை மில்லிகிராமில் படித்தோம், இங்கே வந்து மில்லிமோலுக்கு மாறினோம், அமெரிக்கப் பயிற்சிக் கேள்விகள் மறுபடி மில்லிகிராமில் வருகின்றன. மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் ஒரு டெசிலிட்டருக்கான மில்லிகிராம் கிடைக்கும். மேலே சொன்ன 13 மில்லிமோல் அங்கே 234, 2.9 என்பது 52.

புதிய வகைக் கேள்விகளில் இவை எப்படி வருகின்றன?

2023 ஏப்ரல் முதல் என்கிளெக்ஸ் தேர்வில் ஒரு நோயாளியின் கதையைத் தொடர்ந்து ஆறு கேள்விகள் கேட்கும் பகுதி வந்திருக்கிறது. அப்படி மூன்று கதைகள், மொத்தம் 18 கேள்விகள் எண்ணிக்கையில் சேரும். குறிப்புகளை இனம்காணுதல், அவற்றை ஆராய்தல், எது முக்கியம் என்று வரிசைப்படுத்துதல், வழிகளை யோசித்தல், செயல்படுதல், விளைவை எடைபோடுதல் என்று ஆறு படிகள். மூன்றாவது படி வெளிப்படையாகவே முன்னுரிமைதான். முதல் படியில் தாளில் இருக்கும் இருபது குறிப்புகளில் எவை கவலைக்குரியவை என்று தெரிவு செய்வதும் அதே கண்தான். சில கேள்விகளில் பகுதி மதிப்பெண் உண்டு. தேர்வு 85 முதல் 150 கேள்விகள் வரை போகும், ஐந்து மணி நேரம். விடையைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போனால் திரும்பி வர முடியாது. ஆகவே பின்னால் யோசிக்கலாம் என்று எதையும் ஒத்திவைக்காதீர்கள்.

ஷிஃப்ட் வேலைக்கு நடுவே எப்படிப் பயிற்சி செய்வது?

நைட் முடிந்து எம்ஆர்டி ரயிலில் வரும்போது கைப்பேசியில் ஐம்பது கேள்விகளை அழுத்தித் தள்ளுவதில் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். கண் எரிய எரியச் செய்யும் பயிற்சி, தவறான பழக்கத்தைத்தான் உறுதியாக்கும். விடுப்பு நாளில் பத்துக் கேள்விகள் போதும். ஆனால் ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்காத மூன்று விருப்பங்களை ஏன் விட்டீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதுங்கள். "அவருக்கு இது வழக்கம்", "இதில் மதிப்பீடு இருக்கிறது, கொடுக்க முடியாது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

வேலையில் இருக்கும்போதும் ஒரு பயிற்சி உண்டு. பாஸ் ரிப்போர்ட் முடிந்ததும், நகர்வதற்கு முன், உங்கள் நோயாளிகளில் முதலில் பார்க்கப் போகிறவரின் படுக்கை எண்ணைக் கையடக்கத் தாளின் மேல் மூலையில் எழுதி, பக்கத்தில் காரணத்தை இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முடியும்போது அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியிருந்தவர் அவர்தானா, வேறொருவரா என்று தெரிந்துவிடும். எங்கள் குழுவில் ஒரு பெண் இதை மூன்று மாதம் செய்து, அந்தத் தாள்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார். நோயாளியின் பெயரோ விவரமோ அவற்றில் இருக்காது, எண்ணும் காரணமும் மட்டுமே இருக்கும். அவர் எழுதிய காரணங்களை வைத்துத்தான் இன்றும் எங்கள் பாதிக் கேள்விகளை நாங்கள் அமைக்கிறோம்.